பிலிப்பினோ பண்ணைத் தொழிலாளர்களுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள்: அவர்கள் வளர்ந்த வீட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

சமவெளிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் வசிக்கிறேன். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து இப்பகுதிப் பண்ணைகளில் கூலிவேலை செய்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள், இன்று எழுபதைக் கடந்த முதியவர்கள், தங்கள் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதவும் எண்ணம் உண்டு. ஆகவே இங்குள்ள வரலாற்று ஆர்வலர்களின் துணையை நாடுகிறேன்.

இதுவரை கேட்ட பேச்சுகளில் மூன்று செய்திகள், ஒருவரையொருவர் அறியாதவர்கள் சொன்னபோதும், ஒன்றுபோலவே வருகின்றன. முதலாவது, தந்தையின் வயது. பள்ளி வாசலில் வந்து நின்ற தந்தையைப் பார்த்து, "உன் தாத்தா வந்திருக்கிறார்" என்று உடன்படித்தவர்கள் சொன்னதைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். தாய்மார்களோ பெரும்பாலும் கணவரைவிட மிகவும் இளையவர்கள். இரண்டாவது, வீடு நிறைய 'மாமன்கள்'. தாத்தா பாட்டி இல்லை, அத்தை இல்லை, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளும் அரிது. ஆனால் இரத்த உறவில்லாத, மணமாகாத ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது, மௌனம். தாய்மொழியைப் பெற்றோர் கற்றுக்கொடுக்கவில்லை. பட்ட துன்பங்களையும் சொல்லவில்லை. தம் தந்தை 1965இன் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் மறியல் செய்தவர் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகே அறிந்ததாக ஓர் அம்மையார் சொன்னார்.

இவை தற்செயலாக ஒத்துப்போகின்றனவா, அல்லது மூன்றுக்கும் அடியில் பொதுவான காரணம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கினால் என் கேள்விகளைச் சரியாக அமைத்துக்கொள்ள உதவும்.

பழைய ஏடு:

உங்கள் முதல் செய்திக்கு என்னால் உறுதியாக விடை சொல்ல முடியும். தந்தையர் முதுமையை நெருங்கிய பிறகு பிள்ளை பெற்றது அவர்கள் விருப்பத்தால் அன்று. சட்டங்கள் அவர்களுக்கு அப்படியொரு வாழ்க்கையை வகுத்துக் கொடுத்தன.

1898இன் பாரிஸ் உடன்படிக்கையால் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் கையிலிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அத்தீவினர் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள், குடிமக்கள் ஆகவில்லை. அதனால் தடையின்றிக் கப்பலேறி வரலாம், வாக்களிக்க முடியாது. சீனர்களின் வருகை 1882இலும் ஜப்பானியர்களின் வருகை படிப்படியாக 1924இலும் அடைக்கப்பட்டபோது, குறைந்த கூலிக்கு ஆள் தேடிய முதலாளிகளுக்கு இந்த நிலை வசதியாக இருந்தது. 1906இல் பதினைந்து பேர் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1920களில் கலிபோர்னியாவின் அஸ்பாரகஸ் (தளிரை உண்ணும் ஒரு காய்கறி), லெட்டூஸ் கீரை, திராட்சைப் பண்ணைகளுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பெரும்பாலோர் இலோகோஸ் பகுதியைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய ஆண்கள். குடும்பம் இல்லாத ஆளை எளிதில் இடம் மாற்றலாம், வீடு கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் பண்ணையாளர்களும் தனி ஆண்களையே விரும்பினார்கள். 1930இல் கலிபோர்னியாவில் ஒரு பிலிப்பினோப் பெண்ணுக்கு ஏறத்தாழ பதினான்கு ஆண்கள் இருந்தார்கள்.

வேறு இனத்தில் மணம் முடிக்கலாமே என்றால், அந்த வழியும் மூடப்பட்டது. வெள்ளையர் 'மங்கோலிய' இனத்தாரை மணக்கக்கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. பிலிப்பினோக்கள் மலாய் இனத்தார், ஆகவே அச்சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வழக்காடி 1933இல் சால்வடோர் ரோல்டன் என்பவர் வென்றார். சட்டமன்றம் அதே ஆண்டில் 'மலாய்' என்ற சொல்லையும் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. 1948இல் மாநில உச்சநீதிமன்றம் நீக்கும் வரை அந்தத் தடை நீடித்தது. இதற்கு முன்பே, 1930 ஜனவரியில் வாட்சன்வில்லில் வெள்ளையர் கும்பல் பல நாள் வேட்டையாடி, பெர்மின் தோபேரா என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றிருந்தது. பிலிப்பினோ ஆண்களும் வெள்ளைப் பெண்களும் சேர்ந்து நடனமாடியதுதான் அக்கும்பலின் சினத்துக்குப் பெரிய காரணம். இவற்றின்மேல் 1934இன் டைடிங்ஸ்–மெக்டஃபி சட்டம் வந்தது. பிலிப்பைன்ஸுக்கு விடுதலை வாக்குறுதி தந்த அதே சட்டம், இங்கிருந்தவர்களை அயலாராக்கி, இனிமேல் ஆண்டுக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்றது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமற்போனது.

இரண்டாம் உலகப் போர்தான் கதவைத் திறந்தது. 1942இல் பிலிப்பினோக்களைக் கொண்டு இரண்டு காலாட்படைப் பிரிவுகள் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்டன. சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. படைவீரர்கள் அயல்நாட்டு மனைவியை அழைத்துவர வழிவிட்ட 1945இன் போர்மணப் பெண்கள் சட்டமும், பிலிப்பினோக்கள் குடியுரிமை பெற வழிவிட்ட 1946இன் லூஸ்–செல்லர் சட்டமும் வந்த பிறகு அவர்கள் ஊர் திரும்பி மணம் முடித்து மனைவியை அழைத்து வந்தார்கள். 1928இல் பதினெட்டு வயதில் வந்தவர் 1948இல் மணம் முடித்தார் என்று வைத்துக்கொண்டால், பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். அதற்குள் முப்பது ஆண்டுகள் குனிந்து வேலை செய்த உடம்பு. பிள்ளைகள் தாத்தா என்று நினைத்ததில் வியப்பில்லை.

கட்டுரையில் இன்னொன்றையும் மறவாமல் சொல்லுங்கள். 1934க்கும் 1946க்கும் இடையில் பிறந்த சிலருக்கு வீட்டுக்குள்ளேயே சட்டநிலை பிளவுபட்டிருந்தது. அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தத்தால் தொட்டிலில் கிடந்த குழந்தை குடிமகன். அதற்குப் பால் வாங்கப் பண்ணையில் உழைத்த தந்தை அயலார்.

பள்ளத்தாக்கு ஆசிரியர்:

நான் இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன். பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தார்கள். அவர்களின் பெற்றோரோடு பேசிப் பழகியதிலிருந்து உங்கள் இரண்டாவது செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இதுவே மூன்றிலும் பொருள் நிறைந்ததாகத் தோன்றுகிறது.

பிலிப்பினோத் தொழிலாளர்கள் தனித்தனியாக வேலைக்குப் போகவில்லை, குழுவாகப் போனார்கள். பண்ணையாளரிடம் வேலையைப் பேசி முடித்து, ஆள் திரட்டி, கூலி பட்டுவாடா செய்து, முகாமை நடத்தியவர் ஒரு கங்காணி. அவரும் பிலிப்பினோதான், பெரும்பாலும் அதே ஊர்ப்பக்கத்தவர். அக்குழு பயிர்க்காலத்தை ஒட்டி இடம்பெயர்ந்தது. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஸ்டாக்டனை ஒட்டிய ஆற்றுத் தீவுகளில் அஸ்பாரகஸ் அறுப்பு. வெயில் ஏற ஏறத் தளிர் ஓங்கிவிடும் என்பதால் விடியுமுன்பே தொடங்கி, நாள் தவறாமல் அறுக்க வேண்டும். அந்த நிலத்தின் கரிய மட்குத் தூசு உடம்பெல்லாம் அரிக்கும். கோடையில் சிலர் அலாஸ்காவின் சால்மன் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்குக் கப்பலேறினார்கள். சிலர் சாலினாஸ் லெட்டூஸ் வயல்களுக்கும், பிறகு டெலானோ திராட்சைக்கும் போனார்கள். இப்படி ஆண்டு முழுவதும் ஒன்றாக உண்டு, உறங்கி, உழைத்த ஆண்களில் ஒருவருக்கோ இருவருக்கோதான் மணவாழ்க்கை வாய்த்தது. அந்த ஒரு வீட்டுக் குழந்தை, அந்தக் குழுவுக்கே கிடைத்த குழந்தை.

மூத்தவர்களை 'மனோங்' என்று மதிப்போடு அழைக்கப் பிள்ளைகள் பழக்கப்பட்டிருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையர் பலர் நிற்பார்கள். அதனால் உறவற்றவர் உறவினராவார். பயிர்க்காலம் முடிந்து பணத்தோடு நகருக்கு வரும் மனோங்குகள் அந்தப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தார்கள், கையில் வெள்ளி டாலரை வைத்து அழுத்தினார்கள், பிறந்தநாள் விருந்துக்கு ஆடு வாங்கினார்கள். சமூகக் கூடம் கட்ட நிதி திரட்டும் 'அரசி'ப் போட்டிகளில் சிறுமிகளுக்காக வாக்குச்சீட்டுகளை விலை கொடுத்து வாங்கிக் குவித்தவர்களும் அவர்களே. கேட்க இனிமையாக இருக்கிறது, அன்பும் உண்மையே. ஆனால் அந்த அன்பின் பாரத்தையும் கேட்டு அறியுங்கள். தனக்கென்று பிள்ளை இல்லாத பத்துப் பேரின் ஆசைகள் ஒரு சிறுமியின் தலையில் ஏறியிருந்தன. அவள் தெருவில் யாரோடு பேசினாலும் இரவுக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். மதிப்பெண் குறைந்தால் முகாமே வருந்தும்.

தாய்மார்களின் உழைப்பைப் பற்றி யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். கங்காணியின் மனைவி என்றால் முகாம் முழுவதற்கும் சமைக்க வேண்டும், சில இடங்களில் நூறு பேரை நெருங்கும். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் அரிசி களைந்து, மதிய உணவைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருப்பாள். பத்து வயதில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்து, படிவம் நிரப்பிக் கொடுத்து, மருத்துவர் சொல்வதை எடுத்துச் சொன்னவளும் அவளே.

அதைவிட முக்கியமான ஒன்று. மனோங்குகள் நோயுற்றபோதும் இறந்தபோதும் பொறுப்பேற்க வேறு ஆள் இல்லை. அவர்கள் இருபது வயதில் விட்டுவந்த ஊருக்குப் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. ஆகவே 1960களிலும் 1970களிலும், தாமே இளைஞர்களாக இருந்த இப்பிள்ளைகள், ஒருவர்பின் ஒருவராக மாமன்களை அடக்கம் செய்தார்கள். வேறு எந்தக் குடியேறிகளின் பிள்ளைகளும் இத்தனை இளம் வயதில் இத்தனை பேருக்குக் கருமம் செய்திருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.

கடலோரவாசி:

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆயினும் படம் முழுமையடைய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். போருக்கு முன்பே இங்கு பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்குத் தாய் மெக்சிகோ வழியினர், குறிப்பாக சான் டியேகோ பக்கத்தில். இரு தரப்பாரும் ஒரே வயலில் வேலை செய்தார்கள், ஒரே கோயிலுக்குப் போனார்கள் என்பதால் அத்தகைய மணங்கள் இயல்பாக அமைந்தன. வெள்ளைப் பெண்ணை மணக்க எல்லை தாண்டிச் சென்று திரும்பியவர்களும் உண்டு. அவ்வீடுகளில் பாட்டியும் அத்தையும் தாய்வழியில் இருந்தார்கள்.

அன்றியும் இவர்களின் இளமையை வெறும் தனிமையாக எழுதிவிட வேண்டாம். 1940களின் பிற்பகுதியில் ஊருக்கு ஊர் இளைஞர் கழகங்கள் தோன்றின. சான் பிரான்சிஸ்கோவின் மேங்கோஸ், லிவிங்ஸ்டனின் டிராகன்ஸ் போன்ற கழகங்கள் கூடைப்பந்துப் போட்டியும் மாலையில் நடனமும் நடத்தின. பள்ளியில் தம்மைப்போல் ஒருவரையும் காணாத பிள்ளைகள், தந்தையின் காரிலோ மாமன் ஒருவரின் காரிலோ பல மணி நேரம் பயணம் செய்து அங்கே கூடினார்கள். எத்தனையோ திருமணங்கள் அந்த ஆட்டக்களங்களில் முடிவானவை. அவர்களைக் கேட்டால் வயலைவிட இதைப் பற்றியே ஆர்வத்தோடு பேசுவார்கள், பேச விடுங்கள்.

வயல்வழி:

மூன்றாவது செய்தியான மௌனத்துக்கு வருகிறேன். மொழியைக் கற்றுக்கொடுக்காததை வெட்கத்தின் விளைவு என்று மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இப்பெற்றோர் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் காலனி ஆட்சியின் பள்ளிகளில் படித்தவர்கள். 1901 முதலே அங்கு ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. எல்லா மனிதரும் சமம் என்ற அமெரிக்கப் பிரகடனத்தை அமெரிக்க ஆசிரியர்களிடமே படித்துவிட்டு வந்தவர்கள், ஸ்டாக்டன் விடுதி வாசலில் பிலிப்பினோக்களுக்கு அறவே அனுமதியில்லை என்ற பலகையைப் பார்த்தார்கள். மேலும், கணவர் இலோகானோவும் மனைவி விசயனும் பேசும் வீடுகளில் ஆங்கிலம்தான் இருவருக்கும் பொதுவாக இருந்தது. பிள்ளையின் உச்சரிப்பில் ஒரு குறையும் இருந்துவிடக்கூடாது, அதனால் அவன் வயலுக்குத் திரும்பிவிடக்கூடாது என்ற கவலை இவற்றோடு சேர்ந்துகொண்டது. 1965 அக்டோபரில் கையெழுத்தான குடிவரவுச் சட்டத்தின் வழியே செவிலியர், மருத்துவர், கணக்காளர் எனப் படித்தவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து பெருமளவில் வந்தபோது, பிலிப்பைன்ஸின் முதன்மை மொழியான தகலோக் பேசத் தெரியாத இந்தப் பிள்ளைகளை அவர்களில் சிலர் தாழ்வாகப் பார்த்தார்கள். பள்ளியில் அமெரிக்கராக ஏற்கப்படாதவர்கள், இங்கே பிலிப்பினோக்களாகவும் ஏற்கப்படவில்லை. அந்தப் புண் இன்னும் ஆறாதவர்கள் இருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் பற்றிய மௌனத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவின் பிலிப்பினோக் கூடத்தில் முடிவெடுத்து வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளர்கள். மணிக்கு ஒரு டாலர் 40 சென்ட் கூலி அவர்கள் கோரிக்கை. அந்த வசந்த காலத்தில் கோச்செல்லாவில் அதே கூலியைப் போராடிப் பெற்றிருந்தார்கள். ஒரு சாரார் வேலையை நிறுத்தினால் மறுசாராரைக் கருங்காலிகளாக இறக்குவது முதலாளிகளின் பழைய வழக்கம் என்பதால், இட்லியோங் மெக்சிகோ வழித் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவேஸிடம் பேசினார். செப்டம்பர் 16 அன்று அவர்களும் சேர்ந்தார்கள். மறுஆண்டு இரு சங்கங்களும் ஒன்றாயின. 1970இல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும்வரை போராட்டம் ஐந்து ஆண்டுகள் நடந்தது.

ஆனால் முதியவர்களுக்கு அது பெருமையான நினைவு மட்டுமன்று. முகாம்களில் மின்சாரமும் நீரும் நிறுத்தப்பட்டன. பல ஆண்டுகள் குடியிருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். குழந்தைகள் இருந்த சிலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஒரே வீட்டில் உண்டவர்கள் மறியல் கோட்டின் இருபுறமும் நின்றார்கள். வெற்றிக்குப் பின் சங்கத்தில் பிலிப்பினோக்கள் சிறுபான்மையானார்கள். இட்லியோங் 1971இல் விலகினார். பள்ளிப் புத்தகங்களோ சாவேஸின் பெயரை மட்டும் சொல்லின. தன் வீட்டுச் சண்டையையும் சொல்லவேண்டும், ஊர் மறந்த கதையையும் நிறுவவேண்டும் என்றால், களைத்துப்போன ஒரு மனிதர் பேசாமல் இருப்பதையே தேர்ந்தெடுப்பார்.

அந்த அம்மையார் கல்லூரியில் அறிந்தது தற்செயல் அன்று. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தொடங்கிய மாணவர் வேலைநிறுத்தம் சிறுபான்மை மக்களின் வரலாற்றைப் பாடமாக்கியது; அதில் பிலிப்பினோ மாணவர்களும் முன்னின்றார்கள். 1970களில் டெலானோவில் வயதான மனோங்குகளுக்காக அக்பயானி கிராமம் கட்டப்பட்டபோது செங்கல் சுமந்த தன்னார்வலர்களில் இத்தகைய இளைஞர்கள் பலர். கலிபோர்னியப் பள்ளிகள் பிலிப்பினோக்களின் பங்கையும் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 2013இல்தான் வந்தது. உங்கள் ஒலிப்பதிவில் பேசுகிறவர்களின் பள்ளிப்பருவம் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முடிந்துவிட்டது.

சமவெளிவாசி:

மூவகை விளக்கங்களுக்கும், கடலோரவாசி சொன்ன எச்சரிக்கைக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தற்செயல் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. நடைமுறையில் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. "உங்கள் தந்தை ஏன் எதையும் சொல்லவில்லை?" என்று நேரே கேட்டால் பலர் தந்தையைக் குறைசொல்வதாக எண்ணி வாயடைத்துவிடுகிறார்கள். வேறு எப்படித் தொடங்குவது?

பள்ளத்தாக்கு ஆசிரியர்:

'ஏன்' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். வீட்டுப் புகைப்படத் தொகுப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அக்காலப் படங்களில் மனோங்குகள் வயலுடையில் இருக்கமாட்டார்கள். நன்கு தைத்த கோட்டும் சூட்டும் அணிந்து, காரின்மேல் கைவைத்து நிற்பார்கள், ஏனெனில் அவை ஊருக்கு அனுப்ப எடுத்த படங்கள். சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்கும் படங்களும் இருக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பியவை அவை. ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேளுங்கள், எந்தப் பயிரில் வேலை செய்தார், எங்கே தங்கினார், அவரை யார் அடக்கம் செய்தார்கள் என்று கேளுங்கள். தந்தையைப் பற்றிக் கேட்காமலே தந்தையின் வாழ்க்கை வந்துவிடும்.

இரண்டாவதாக, ஸ்டாக்டனின் பழைய வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்து வையுங்கள். எல் டொராடோ தெருவும் லஃபாயட் தெருவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றியிருந்த, லிட்டில் மணிலா எனப்பட்ட பிலிப்பினோக் குடியிருப்பின் பெரும்பகுதி, நகர நடுவே நெடுஞ்சாலை அமைக்க இடிக்கப்பட்டுவிட்டது. எந்த மூலையில் முடிதிருத்தகம், எது சூதாட்ட விடுதி, எந்த அறையில் எந்த மாமன் தங்கினார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே. சொல்லச் சொல்ல வரைபடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 2016 முதல் ஸ்டாக்டனிலேயே பிலிப்பினோ அமெரிக்கர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. பதிவின் ஒரு படியையும், பெயர் எழுதிய புகைப்படங்களின் படிகளையும் அங்கே கொடுக்கலாமா என்று குடும்பத்தாரிடம் முன்கூட்டியே ஒப்புதல் கேட்டு, அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.